செப்டெம்பர் 16இல் பிறந்தோர்

எங்கள் கல்லூரியின் சங்கீத அறையிலே ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதம் 16ஆந் திகதி ஒரு சிறு வழக்கம் உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் படத்துக்கு மாணவர்கள் ஒரு மல்லிகைச் சரம் சூட்டுவார்கள். இருவர் பாடுவார்கள். அதற்குள் மணி அடித்துவிடும். எல்லோரும் அடுத்த பாடத்துக்குக் கலைந்து போய்விடுவார்கள். சென்ற ஆண்டு அந்த வைபவத்திலே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அருகில் வந்து நின்று, “சேர், நானும் இண்டைக்குத்தான் பிறந்தனான்” என்றான். அவன் முகத்திலே பெருமை இருந்தது. அதனோடு வேறொன்றும் இருந்தது. அது யாதென்பது எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னர், பண்ணிசைப் போட்டிக்கு மாணவரைத் தெரிவு செய்தபோது, “சாரீரம் போதாது” என்று அவனுடைய பெயரை வெட்டியவன் நானே.

நான் சங்கீத ஆசிரியன் அல்லன், சரித்திரம் கற்பிப்பவன். தெரிவுக் குழுவிலே ஓர் ஆள் குறைந்தமையால் என்னையும் பிடித்து இருத்தினார்கள். கேள்வி ஞானம் சிறிது உண்டு என்ற துணிவிலே நானும் இருந்துவிட்டேன். பையனுக்குக் குரல் உடையும் பருவம். மேல் ஸ்தாயியை எட்டியபோது குரல் பிளந்தது. நான் பேனாவை எடுத்தேன். நடந்தது அவ்வளவுதான். ஆயினும், மாலையில் வீட்டுக்கு வந்த பின்னரும் அவனுடைய வாக்கியம் என் காதை விட்டு அகலவில்லை. சுப்புலட்சுமி பிறந்த நாளிலே பிறந்தவனுக்குப் பாட்டு இல்லையென்றால், அந்த நாளுக்கு என்னதான் அர்த்தம் என்று அவன் என்னைக் கேட்டதுபோல் இருந்தது. அந்தத் திகதியிலே இசையுலகில் இன்னும் யார் யார் பிறந்திருக்கின்றார்கள் என்று அறிய, அலுமாரியிலிருந்த நூல்களை எடுத்துப் புரட்டத் தொடங்கினேன்.

நம்மவர் வீடுகளிலே பிறந்தநாள் என்றால் நட்சத்திரம் பார்ப்பதே வழக்கம். நட்சத்திரம் சந்திரனை ஒட்டி வருவது. ஆங்கிலத் திகதியோ சூரியனை ஒட்டி வருவது. ஆகவே, ஒரே திகதியில் வெவ்வேறு ஆண்டுகளிற் பிறந்தவர்களுக்கு நட்சத்திரமும் ஒன்றாகவே அமையும் என்ற நியதி கிடையாது. ஆவணி கழிந்து புரட்டாசி பிறக்கும் எல்லையிலே பிறந்தவர்கள் என்று மட்டும் அவர்களைச் சொல்லலாம். கணித ஆசிரியராகிய என் நண்பர் அந்த அளவு அதிசயத்துக்குக்கூட இடங்கொடுக்க மாட்டார். 23 பேர் கூடிய இடத்தில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைவதற்குச் சரிபாதிக்குச் சற்று மேற்பட்ட வாய்ப்பு உண்டு என்றும், 40 மாணவர் இருக்கும் வகுப்பிலே அது நூற்றுக்கு 89 ஆகிவிடும் என்றும் கரும்பலகையிலே போட்டுக் காட்டுவார். சரி, திகதி ஒற்றுமை அதிசயம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அதிசயமாகத் தோன்றியது அந்த ஒரு திகதிக்குள் அடங்கிய இசையின் பரப்பு. மதுரையிலே கர்நாடக சங்கீதம், மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலே புளூஸ், வேர்ஜீனியாவிலே ஜாஸ், பாரிஸ் மாநகரிலே மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதம்!

சுப்புலட்சுமி அம்மையாரைப் பற்றி இப்பகுதியின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1963ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்த அவருடைய சுப்ரபாதத்தைக் கேட்டுக் கண்விழித்த தலைமுறைகள் இங்கே உண்டு. கோயில் ஒலிபெருக்கியின் கரகரப்பையும் மீறி வந்த அந்தக் குரலோடுதான் என் சிறு பராயத்து விடியற்காலைகள் கழிந்தன. பிறவியிலேயே வாய்த்த வரம் என்று நாம் அதனை எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். ஆனால் அவருடைய பெயரின் முன்னிற்கும் இரண்டு எழுத்துக்களும் வேறொரு கதையைச் சொல்கின்றன. ‘எம்’ மதுரை, ‘எஸ்’ சண்முகவடிவு, அவரைப் பெற்ற தாய். சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டியார் அக்கம்மாள் வயலின் வாசித்தவர். 1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 16, ஒரு சனிக்கிழமை, மீனாட்சியம்மன் கோயிலுக்கு அண்மையிலிருந்த அந்த வீட்டிலே குழந்தை பிறந்தபோது, வீட்டுக்குள் ஏற்கெனவே வீணை இருந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. பேசப் பழகும் முன்பே அதன் நாதத்தைக் கேட்டு வளர்ந்த குழந்தை அது. பள்ளிப் படிப்பு இடையிலே நின்றது. சங்கீதப் படிப்போ கடைசிவரை நிற்கவில்லை. புகழ் வந்த பின்னரும் செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் பாடங் கேட்டார். ஹிந்துஸ்தானி இசையையும் முறையாகப் பயின்றார். தமக்குத் தெரியாத மொழியிலே பாட நேர்ந்தால், அம்மொழி அறிந்தவரிடம் ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பையும் கேட்டுத் திருத்திக்கொண்ட பின்னரே மேடையில் ஏறுவார்.

1947ஆம் ஆண்டு காந்தியடிகள் ஒரு மீரா பஜனையை அம்மையாரின் குரலிலே கேட்க விரும்பிய வரலாறு பலரும் அறிந்தது. அப்பாடல் தமக்கு நன்கு பழக்கமில்லை, வேறு யாராவது பாடுவது நல்லது என்று சென்னையிலிருந்து தயக்கத்துடன் பதில் போயிற்று. வேறொருவர் பாடக் கேட்பதிலும், சுப்புலட்சுமி அதனை வெறுமனே வாசிக்கக் கேட்பதே தமக்கு உவப்பு என்று அடிகள் மறுமொழி சொல்லி அனுப்பினார். அதன் பின்னரே அவசர அவசரமாகப் பாடம் பண்ணி, ஒலிப்பதிவு செய்து, டில்லிக்கு அனுப்பினார்கள். எனக்கு இந்த வரலாற்றிலே பிடித்த பகுதி அடிகளின் மறுமொழி அன்று. அதற்கு முன் எழுந்த அந்தத் தயக்கம். ‘மீரா’ படத்திலே நடித்துப் பாடிப் பாரதம் முழுவதும் பெயர் பெற்றவருக்கே, “இது எனக்குப் பழக்கமில்லை” என்று சொல்ல ஒரு பாட்டு இருந்திருக்கின்றது.

இனி மிசிசிப்பிக்குப் போவோம். 1925ஆம் ஆண்டு செப்டெம்பர் 16, புதன்கிழமை. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், இற்றா பீனா என்ற சிற்றூருக்கு அருகே, பருத்தித் தோட்டமொன்றின் குடிசையிலே ரைலி பி. கிங் பிறந்தார். பின்னாளில் உலகம் அவரைப் பி. பி. கிங் என்று அழைத்தது. அமெரிக்காவிலே அடிமை முறை 1865இல் ஒழிந்ததென்று சரித்திர வகுப்பிலே நான் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுவேன். அந்த வரிக்குப் பின்னால், அறுபது ஆண்டுகள் சென்ற பிறகும், பிறர் நிலத்தில் உழுது விளைச்சலில் ஒரு பங்கையும் தீராத கடனையும் பெற்று வாழ்ந்த கறுப்பின மக்கள் இருந்தார்கள். கிங்கின் பெற்றோர் அவர்களைச் சேர்ந்தவர்கள். தாயும் தந்தையும் பிரிந்தனர். பத்து வயதை எட்டும் தறுவாயிலே தாய் இறந்தார். சில ஆண்டுகளிலே வளர்த்த பாட்டியாரும் போனார். தேவாலயத்திலே போதகர் ஒருவர் கிற்றார் வாசிப்பார். அவரே சிறுவனுக்கு முதற் சில சுரக்கட்டுகளைக் காட்டிக் கொடுத்தவர். உறவினளாகிய ஒரு மூதாட்டியின் வீட்டிலே கிராமபோன் பெட்டி ஒன்றும் சில இசைத்தட்டுகளும் இருந்தன. அவருடைய கலாசாலை அவ்வளவே.

புளூஸ் என்பது அந்தப் பருத்திக் காட்டு மக்களின் துயர்ப் பாட்டு. ஓர் அடியைப் பாடுவார்கள். அதனையே மீண்டும் பாடுவார்கள். மூன்றாவது அடியால் அதற்கு விடை சொல்வார்கள். அடிகளுக்கிடையே விழும் வெளியைக் கிற்றார் நிரப்பும். நமது செவிக்கு இதிலே வியப்பான செய்தி ஒன்று உண்டு. புளூஸ் பாடுவோரின் காந்தாரம் பியானோவின் கட்டைகளிலே அகப்படாது. நமது சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் நின்று அது அசையும். கட்டைக்குள் அடங்காத சுரத்தைக் கிற்றாரிலே எவ்வாறு எழுப்புவது? கிங்கின் தாய்வழி உறவினர் புக்கா வைற் என்பவர், உலோகக் குழாய் ஒன்றைத் தந்தியின் மேல் வழுக்கி அதனைச் செய்தார். இளைஞர் கிங் எவ்வளவு முயன்றும் அந்த வித்தை அவர் கைக்கு வரவில்லை. வராமற் போகவே, வெறும் விரலாலே தந்தியை அழுத்தி, பக்கவாட்டில் இழுத்து, நடுங்கச் செய்து பார்த்தார். அந்த நடுக்கமே பின்னர் அவருடைய கையொப்பமாயிற்று. ஒரே ஒரு சுரம் கேட்டால் போதும், வாசிப்பவர் கிங் என்று இரசிகர்கள் சொல்லிவிடுவார்கள்.

வாசகர்களில் வீணை பயின்றோர் இதற்குள் புன்னகை செய்திருப்பீர்கள். மெட்டின் மேல் தந்தியை வைத்துப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்துவதும் அசைப்பதும் நமது வைணிகர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த செயல். மதுரையிலே சண்முகவடிவின் விரல்கள் செய்த அதே வேலையை, அவரைக் கேள்விப்பட்டே இராத மிசிசிப்பி இளைஞர் ஒருவர் தம்முடைய இயலாமையிலிருந்து தாமே கண்டுபிடித்தார். கமகம் என்ற சொல்லை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவருடைய வாழ்க்கையிலே இன்னும் சொல்லத்தக்கவை பல. சனிக்கிழமைகளில் இண்டியனோலா நகரத் தெருமுனையிலே நின்று பாடுவார். தேவாலயப் பாட்டுப் பாடினால் முதுகிலே தட்டிக் கொடுப்பார்கள். புளூஸ் பாடினால் காசு போடுவார்கள். எந்தப் பக்கம் போவது என்பதை இந்தக் கணக்கே முடிவு செய்தது என்று அவர் பிற்காலத்தில் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. தோட்டத்திலே உழவு இயந்திரம் ஓட்டி வந்தவர், 1946இல் அதன் புகைக்குழாயை உடைத்துவிட்டு, எசமானுக்கு அஞ்சி மெம்பிஸ் நகரத்துக்கு ஓடிப்போனார். மறுபடி ஊருக்குத் திரும்பி, அந்தக் கடனை உழைத்துத் தீர்த்த பின்னரே மெம்பிஸிலே நிலைகொண்டார். கறுப்பின மக்களுக்கென நிகழ்ச்சிகளை நடத்திய வானொலி நிலையம் ஒன்று அங்கே அவருக்குக் கைகொடுத்தது. ஆர்க்கன்சாஸ் மாநிலத்து நடனசாலை ஒன்றிலே இரண்டு பேர் சண்டையிட்டு மண்ணெண்ணெய் நெருப்பைக் கவிழ்க்க, மண்டபம் எரிந்தது. வெளியே ஓடிவந்த கிங், கிற்றாரை மறந்துவிட்டதை நினைத்து மீண்டும் உள்ளே பாய்ந்து அதனை மீட்டார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் அறிந்தார். இனி ஒருபோதும் இப்படி ஒரு மூடச்செயல் செய்யலாகாது என்பதற்கு ஞாபகமாக, கிற்றாருக்கு அந்தப் பெயரையே சூட்டினார். அதன் பின் அவர் கையில் எடுத்த கிற்றார் எல்லாம் லூசில்தான். 1956ஆம் ஆண்டில் மாத்திரம் 342 இரவுகள் மேடையேறினார் என்றால், மனிதர் எத்துணை உழைப்பாளி என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பாடும்போது வாசிக்கவும் வாசிக்கும்போது பாடவும் தமக்குத் தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டவர். தாம் பாடி நிறுத்தியதும் லூசில் பாடுவாள் என்பார். 2015ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி, 89 வயதில் அவர் மறைந்தபோது, உடலை அதே இண்டியனோலாவுக்கே கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள்.

கிங் பிறந்த அதே ஆண்டு, அதே திகதியிலே, வேர்ஜீனியா மாநிலத்தில் சார்லி பேர்ட் என்ற இன்னொரு கிற்றார்க் கலைஞரும் பிறந்தார் என்பது வேடிக்கையான ஒற்றுமை. இவர் ஸ்பானிய மேதை செகோவியாவிடம் பயின்றவர். மீட்டுவதற்குத் துண்டு எதனையும் பயன்படுத்தாமல், விரல்களாலேயே ஜாஸ் வாசித்தவர். 1962இல் ஸ்ரான் கெற்ஸுடன் சேர்ந்து வெளியிட்ட ‘ஜாஸ் சம்பா’ இசைத்தட்டு, பிரேசில் நாட்டின் புதிய இசையை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோயிற்று. இரண்டு குழந்தைகள், ஒரே நாள், ஒரே கருவி. ஒருவரை மற்றவராக மயங்க எந்தச் செவியாலும் முடியாது. நாட்பலன் பார்ப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ அறியேன்.

இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் பாரிஸ் நகரத்து நாடியா பூலான்ஜே அம்மையார். 1887ஆம் ஆண்டு செப்டெம்பர் 16, வெள்ளிக்கிழமை பிறந்தவர். இங்கே திகதி உண்மையாகவே விளையாடியிருக்கின்றது: அவருடைய தந்தையார் ஏர்னெஸ்ற் பூலான்ஜேயும் 1815ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி பிறந்த இசையறிஞர். தமது 72ஆவது பிறந்தநாளிலே மகளைப் பெற்றார்! இத்தகைய வீட்டிலே பிறந்த குழந்தை இசையிலே திளைத்திருக்கும் என்று நினைப்பீர்கள். மாறாக, யாராவது வாசிக்கத் தொடங்கினால் குழந்தை அழுதுகொண்டு ஓடி ஒளிந்துகொள்ளும். ஒரு நாள் தெருவிலே தீயணைப்பு வண்டி மணியொலித்துக்கொண்டு போயிற்று. குழந்தை நேரே பியானோவுக்கு ஓடி அந்தச் சுரங்களைத் தேடியது. அன்றுமுதல் அதனை இசையிலிருந்து பிரிக்க முடியவில்லை. மிசிசிப்பியிலும் நெருப்பு, பாரிஸிலும் நெருப்பு என்று எனக்குள் நகைத்துக்கொண்டேன்.

பத்து வயதை ஒட்டிப் பாரிஸ் சங்கீதக் கலாசாலையிற் சேர்ந்தார். 1908ஆம் ஆண்டு ‘றோம் பரிசு’ என்னும் பெரும் போட்டியிலே இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் 1913இல் அந்த வீட்டுக்கு வந்தது. ஆனால் வந்தது தங்கை லிலியிடம். அப்பரிசைப் பெற்ற முதற் பெண் லிலியே. நோயாளியாகவே வளர்ந்த லிலி, 1918ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தமது 24ஆவது வயதிலே இறந்தார். சில ஆண்டுகளுக்குள் நாடியா தாம் இசை இயற்றுவதையே கைவிட்டார். தங்கையின் இசைக்கு முன்னே தமது இசை பயனற்றது என்று தமக்குத் தாமே தீர்ப்பளித்துக்கொண்டார். தம் பெயரைத் தாமே வெட்டிக்கொண்டார் என்று சொல்லலாம். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பதை நான் ஆராயப் புகவில்லை. அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு அண்மையாக அவர் செய்த தொழில் ஒன்றே: கற்பித்தல்.

இந்த இடத்திலே ஆசிரியனாகிய நான் சற்று நின்றுதான் ஆகவேண்டும். 1921 முதல் பொந்தன்புளோ இசைக் கல்லூரியிலும், பாரிஸில் தமது இல்லத்திலும் அவர் நடத்திய வகுப்புகளுக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மாணவர் வந்தனர். ஏரன் கொப்லண்ட் வந்தார். குவின்சி ஜோன்ஸ் வந்தார். பிலிப் கிளாஸ் 1964இல் வந்தபோது, அமெரிக்காவிலே பட்டம் பெற்றுவிட்டுத்தான் வந்தார். அம்மையாரோ அவரை அரிச்சுவடியிலிருந்து மறுபடி தொடங்க வைத்தார். (அதே பாரிஸிலே ரவிசங்கரின் இசையை மேனாட்டு எழுத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை கிளாஸுக்குக் கிடைத்ததும், அவருடைய தாள ஞானம் அதனால் திசை திரும்பியதும் தனிக் கதை.) கண்டிப்புக்குப் பெயர்போன ஆசிரியை. ஆனால் புகழ்பெற்ற ஜோர்ஜ் கேர்ஷ்வின் 1928இல் மாணவராக வரக் கேட்டபோது, மறுத்துவிட்டார். தமது கண்டிப்பு அவருக்கு இயல்பாக வாய்த்திருந்ததைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார்.

ஆர்ஜென்ரீனா நாட்டவரான அஸ்ரோர் பியசொல்லா 1954இல் வந்த கதையை நான் மூன்று முறை வாசித்தேன். வந்தவர் தாம் எழுதிய பெரிய பெரிய வாத்தியக் கோவைகளை எல்லாம் அம்மையாரின் முன்னே வைத்தார். அம்மையார் பொறுமையாகப் படித்தார். எல்லாம் நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் எழுதியவரை இவற்றுள் காணவில்லையே என்றார். ஊரிலே என்ன வாசிப்பீர், எந்த வாத்தியம் வாசிப்பீர் என்று துருவினார். தாம் இரவுக் கேளிக்கைச் சாலைகளிலே ‘பண்டோனியன்’ என்னும் துருத்திப் பெட்டியை வைத்து ‘ரங்கோ’ நடன இசை வாசித்தவர் என்பதைச் சொல்லப் பியசொல்லாவுக்கு வெட்கம். ஒருவாறு சொன்னார். வாசித்துக் காட்டும்படி கேட்டார் அம்மையார். சில அடிகள் கேட்டதும் மாணவரின் கைகளைப் பற்றிக்கொண்டு, இதோ இவர்தான் பியசொல்லா, இவரை விட்டுவிடாதீர் என்றாராம். புதிய ரங்கோ இசையின் தந்தையென்று உலகம் அவரைப் பிற்காலத்திலே கொண்டாடியது. அம்மையார் கண்பார்வை மங்கிய முதுமையிலும் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்து, 1979ஆம் ஆண்டு ஒக்டோபர் 22இல், 92 வயதிலே மறைந்தார்.

நூல்களை மூடிவைத்தபோது இரவு நெடுநேரமாகிவிட்டது. பையனைத் தெரிவு செய்த நாளிலே, அவன் பாடி முடிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். வேறு என்ன தெரியும் என்று நான் அவனிடம் கேட்கவே இல்லை.

மறுநாள் இடைவேளையிலே அவனைச் சங்கீத அறைக்கு அழைத்து அதனைக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு, வீட்டிலே அம்மம்மாவின் பழைய வானொலிப் பெட்டியிலே பாட்டுப் போகும்போது மேசையிலே தாளம் போடுவேன் என்றான். பிறகு நெடுநேரம் பேசாமல் நின்று, மூலையிலே துணி போர்த்திக் கிடந்த வீணையைக் காட்டி, “அதைத் தொட்டுப் பார்க்கலாமோ, சேர்?” என்றான்.

வீணை பல ஆண்டுகளாக யாரும் எடுக்காமற் கிடந்தது. வெயிலின் வெப்பத்திலே மெழுகு இளகி இரண்டு மெட்டுகள் சரிந்திருந்தன. தந்தியில் துரு. பையன் தரையிலே சம்மணமிட்டு அமர்ந்து, நல்லாயிருந்த மெட்டு ஒன்றின் மேல் விரலை வைத்து மீட்டினான். மீட்டிவிட்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, தந்தியை மெல்லப் பக்கத்துக்கு இழுத்தான். சுரம் வளைந்து மேலே போயிற்று. அவன் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டான். பிறகு மறுபடி இழுத்தான்.

“இது என்ன சுரம், சேர்?”

எனக்குத் தெரியவில்லை. சங்கீத ஆசிரியையை அழைத்து வர ஆள் அனுப்பினேன். பெயரை வெட்டிய கதையை நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. மெட்டுகளை மெழுகிலே மீண்டும் பதித்துத் தரக்கூடிய ஒருவர் இருக்கின்றார் என்று ஆசிரியை சொன்னார். தவணை முடிவதற்குள் அவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. அதுவரை, சரியாத மெட்டுகளிலே மட்டும் வாசிக்கும்படி பையனுக்கு உத்தரவு.